சுவரும் பார்வையும்: நெடுநல்வாடையும் மணிமேகலையும் காட்டும் இல்லச் சுவரோவியங்கள்

ஆய்வுச்சுருக்கம்

பண்டைத் தமிழரின் ஓவியக்கலைக்குச் சான்றாக நெடுநல்வாடை, பரிபாடல், மணிமேகலை ஆகியவற்றின் பகுதிகளை ஒருசேர அடுக்கிக் காட்டுவது நம் ஆய்வுகளில் நிலைபெற்றுவிட்ட வழக்கம். இவ்வழக்கத்தில் குடியிருப்பின் சுவரோவியம் கோயில் ஓவியத்தின் ஒரு கிளையாகிவிடுகிறது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. ஓவியம் எந்தச் சுவரில் உள்ளது, அதைக் காணும் உரிமை யாருக்கு உண்டு என்னும் இரண்டு வினாக்களை முன்வைத்து அப்பகுதிகளை மீள வாசிக்கிறது. உரோமானியர் வீடுகளைப் பற்றிய ஆய்வுகள் இவ்வாசிப்புக்கு ஒப்பீட்டுத் துணையாகின்றன. இதே வினாக்கள் இன்றைய சென்னை வீடுகளுக்கும் பொருந்துமாறு இறுதிப் பகுதியில் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சுவரோவியம், இல்லம், நெடுநல்வாடை, மணிமேகலை, பொம்பெயி, மயிலாப்பூர்

சிக்கல்

இத்தாலியின் பொம்பெயி நகரம் கி.பி. 79ஆம் ஆண்டில் வெசுவியசு எரிமலையின் சாம்பலுக்குள் புதைந்தது. அந்தப் பேரழிவு உரோமானியக் குடியிருப்புகளின் சுவர்களை வண்ணத்தோடு காத்து வைத்தது. ஆகவேதான் செருமானிய அறிஞர் ஆகசுட்டு மாவ் 1882இல் அச்சுவரோவியங்களை நான்கு பாணிகளாகப் பகுக்க முடிந்தது. சலவைக்கல் பலகைகளைச் சுதையில் போலச் செய்வது முதற்பாணி. தூண்களும் மாடங்களும் சுவரைத் தாண்டி விரிவதுபோல் தீட்டுவது இரண்டாவது. தட்டையான வண்ணப் பரப்பின் நடுவே சிறு படம் அமைப்பது மூன்றாவது. இவற்றின் கலப்பு நான்காவது. பாணி வரலாறு எழுதச் சுவர் வேண்டும். அவர்களுக்குச் சுவர் இருந்தது.

தமிழகத்தில் அந்தக் காலத்துக் குடியிருப்புச் சுவர் ஒன்றும் ஓவியத்தோடு எஞ்சவில்லை. நமக்கு எஞ்சியவை சித்தன்னவாசல் குகை, பனைமலை, காஞ்சி கயிலாசநாதர் கோயில், தஞ்சைப் பெரிய கோயில் போன்ற வழிபாட்டிடங்களே. தஞ்சையின் சோழர் ஓவியங்களை எசு.கே. கோவிந்தசாமி 1931இல் வெளிக்கொணர்ந்தார். எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எசு. பரமசிவன் அவற்றின் காரையையும் வண்ணத்தையும் பகுத்தாய்ந்தார். சி. சிவராமமூர்த்தியின் தென்னிந்திய ஓவியங்கள் பற்றிய ஆங்கில நூல் 1968இல் வந்தது. பெரும்பணிகள் இவை, இவற்றின் பொருள் இயல்பாகவே கோயிலாக அமைந்தது.

தமிழில் இத்துறைக்கு வழிவகுத்தவர்களுள் முதன்மையானவர் மயிலாப்பூர் தந்த அறிஞர் மயிலை சீனி. வேங்கடசாமி. 1956இல் வெளிவந்த தமிழர் வளர்த்த அழகுக் கலைகள் என்னும் அவருடைய நூல் கட்டடம், சிற்பம், ஓவியம், இசை, கூத்து, காவியம் ஆகியவற்றைத் தனித்தனிக் கலைகளாகக் கொண்டு விளக்குகிறது. அன்றைய தேவைக்கு அப்பகுப்பு உகந்ததே. ஆயினும், ஓவியம் கட்டடத்திலிருந்து பிரிந்து தனி இயலாக நிற்கும்போது, அது எந்த அறையின் சுவரில் இருந்தது என்ற வினாவுக்கு அங்கு இடம் குறைந்துவிடுகிறது. அவருக்குப் பின் வந்த கட்டுரைகளோ அப்பகுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அவருடைய உழைப்பை விட்டுவிட்டன. மேற்கோள்களை வரிசையாக அடுக்கி, தமிழர் அன்றே ஓவியம் அறிந்திருந்தனர் என்று முடிப்பது இவற்றின் வாடிக்கை. தமிழர் ஓவியம் அறிந்திருந்தனர் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. மறுக்கப்படாத ஒன்றை மீண்டும் மீண்டும் நிறுவுவதில் அச்செய்யுட்கள் சொல்லும் பிற செய்திகள் கேட்காமலே போய்விடுகின்றன.

செம்பும் சுதையும்

நக்கீரர் பாடிய நெடுநல்வாடை, அரசியின் உள்ளறையை விவரிக்கும் இடத்தில் உவமைகளை நெருக்கமாக அடுக்குகிறது. மனையின் தோற்றத்துக்கு மலை, கொடிகளுக்கு அம்மலையைச் சேர்ந்து கிடக்கும் வானவில், பூசிய சுதைக்கு வெள்ளி, திரண்ட தூணுக்கு நீலமணி, நெடிய சுவருக்குச் செம்பு. அச்சுவரில் பல பூக்களையுடைய ஒற்றைக் கொடி வளைத்து எழுதப்பட்டுள்ளது.

செம்பு என்னும் உவமை எதைக் குறிக்கிறது? சுவரின் வலிமையை என்பது பரவலான விளக்கம். புறநானூற்றில் கோட்டை மதில் செம்போடு ஒப்பிடப்படுவது இவ்விளக்கத்துக்குத் துணையாகும். மதிலுக்கு வலிமை பொருந்தும். பகைவர் அதை இடிக்க வருவர். உறங்கும் அறையின் உட்சுவருக்கு வலிமையைச் சொல்லிப் புகழ வேண்டிய தேவை புலவர்க்கு என்ன? மேலும், இதே அடுக்கில் சுதைக்கு வந்த வெள்ளியும் தூணுக்கு வந்த நீலமணியும் ஐயமின்றி நிறத்தையும் ஒளியையும் பற்றியவை. அவற்றோடு தொடரும் செம்பு மட்டும் திடீரென வலிமையைப் பற்றியதாக மாறுவது செய்யுளின் போக்குக்கு ஒவ்வாது.

இதை உறுதிசெய்யும் சான்று மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில் கிடைக்கிறது. சமணப் பள்ளியை வருணிக்குமிடத்தில் அவரும் சுவருக்குச் செம்பையே உவமையாக்குகிறார். ஆனால் அங்குச் சுவரைச் செஞ்சுவர் என்றே பெயரிட்டு, அது புனையப்பட்டது என்றும் சொல்லிவிடுகிறார். இரு பாட்டுகளும் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனோடு சார்த்தப்படுபவை. ஒரே அவைச் சூழலில் வழங்கிய உவமையை ஓரிடத்தில் நிறமாகவும் மற்றோரிடத்தில் வலிமையாகவும் கொள்வதற்குத் தனிக்காரணம் வேண்டும். நான் அறிந்த அளவில் அத்தகைய காரணம் எதையும் எவரும் காட்டவில்லை.

ஆக, நெடுநல்வாடை காட்டுவது வெண்சுதையும் செந்நிறச் சுவரும் கருநீலத் தூணும் கொண்ட ஓர் அறை. செம்பு என்ற சொல் சிவப்பை மட்டும் சொல்லவில்லை என்பதையும் கருத வேண்டும். காவி பூசிய சொரசொரப்பான மண்சுவர் செம்புபோல் தோன்றாது. தேய்த்து மெருகேற்றிய சுண்ணக் காரையின் மேல் விளக்கொளி விழுந்தால் தோன்றும். சுவருக்குப் புலவர் தரும் அடை, வேலைப்பாடு செய்யப்பெற்றது என்று பொருள்படுவதும் இங்கு நினைக்கத்தக்கது. பிற்காலச் செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெண்கரு சேர்த்து வழவழப்பாக்கிய சுவர்களைக் கண்டோருக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

உரோமானியர் வீடுகளிலும் சிவப்பு மதிப்புக்குரிய நிறமாக இருந்தது. பொம்பெயியின் புறத்தே உள்ள மறைபொருள் மாளிகை எனப்படும் இல்லத்தில், மனித உருவங்களின் பின்னே சுவர் முழுதும் சிவப்பாகப் பரந்துள்ளது. சாதிலிங்கம் போன்ற விலையுயர்ந்த வண்ணங்களை ஒப்பந்தக்காரர் தருவதில்லை, வீட்டுக்குரியவரே தர வேண்டும் என்று கட்டடவியல் நூலாசிரியர் வித்துருவியசு எழுதியுள்ளார். சுவரின் சிவப்பு வீட்டாரின் செல்வத்தை அறிவித்தது. இந்த ஒற்றுமையைக் கொண்டு தாக்கம், கடன் என்றெல்லாம் பேசுவதற்கு இடமில்லை. காவியும் சுண்ணமும் எங்கும் கிடைப்பவை. நெடுநல்வாடையின் அதே அறையில் யவனர் செய்த பாவைவிளக்கு எரிகிறது என்பது மட்டும் உண்மை. விளக்கு கடல்கடந்து வந்த கைவினை என்று பெயர் சுட்டிச் சொல்லும் புலவர், சுவரைப் பற்றி அப்படி எதுவும் சொல்லவில்லை. சொல்லாததைச் சொல்லவைப்பது ஆய்வாகாது.

யார் நுழையலாம்

இப்பகுதியில் கவனிக்கப்படாத செய்தி உவமைகளில் இல்லை. அவை வரும் வரிசையில் உள்ளது. புலவர் முதலில் விளக்கைக் காட்டுகிறார். அடுத்து, தலைவனாகிய அரசனைத் தவிர வேறு ஆடவர் அணுகமாட்டாத காவலையுடைய இடம் அது என்கிறார். அதன் பின்னரே சுதையும் தூணும் சுவரும் பூங்கொடியும் வருகின்றன. யார் காண இயலாது என்று சொல்லிவிட்டுத்தான் காண்பதற்குரியதைக் காட்டுகிறார். பாட்டைக் கேட்ட அவையினரில் பெரும்பாலோர் அச்சுவரைக் கண்ணால் கண்டிருக்க இயலாது என்பதை இவ்வரிசை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

உரோமானிய இல்ல ஆய்வில் இதுவே மையமான பகுப்பு. வாயிற்புறமும் நடுக்கூடமும் தூண்சூழ் முற்றமும் அழைக்கப்படாதோரும் வரத்தக்கவை, படுக்கையறையும் உணவறையும் நீராடுமிடமும் அழைக்கப்பட்டோர்க்கே உரியவை என்று வித்துருவியசு தம் ஆறாம் நூலில் வரையறுக்கிறார். ஆண்ட்ரூ வாலசு-ஆட்ரில் 1994இல் வெளியிட்ட பொம்பெயி, எர்க்குலேனிய வீடுகள் பற்றிய நூல் இவ்வரையறையை அடிப்படையாகக் கொண்டு, சுவரோவியம் வீட்டின் சமூகப் படிநிலையை எவ்வாறு உணர்த்தியது என்று விளக்கியது. பாணி வரலாற்றில் நிறைவடையாமல், இந்த அறைக்குள் வரத்தக்கவர் யார் என்று அவர் கேட்டார். தமிழ் ஆய்வு அவரிடம் கற்க வேண்டியது இந்த வினாவைத்தான். இதற்கு இடிபாடு தேவையில்லை, செய்யுளே போதும்.

உள்ளறைக்குள் வரத்தக்கவன் போர்க்களத்தில் இருக்கிறான். எஞ்சியிருப்பவள் அரசி. கட்டிலுக்கு மேலே மெழுகு பூசிய துணியில் மேடத்தை முதலாகக் கொண்ட இராசி மண்டலமும், திங்களும், அதனைப் பிரியாத உரோகிணியும் எழுதப்பட்டுள்ளன. அரசி அதை நோக்குகிறாள், உரோகிணியை நினைக்கிறாள், பெருமூச்செறிகிறாள், கடைக்கண்ணில் திரண்ட நீரை விரலால் தெறிக்கிறாள். ஓவியத்தைக் காண்பவர் அதில் தன் நிலையைக் காண்பதும், அதனால் உடல் அசைவதும் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லப்பட்ட இடம் பழந்தமிழில் அரிது. மேற்கோள் பட்டியல்களில் இப்பகுதி வானவியல் அறிவுக்குச் சான்றாகவே பெரும்பாலும் இடம்பெறுகிறது. அங்கு ஒரு பெண் அழுதுகொண்டிருக்கிறாள் என்பது பட்டியலில் விடுபட்டுவிடுகிறது.

இதனோடு ஒப்பிட வேண்டியது நப்பண்ணனார் பாடிய பரிபாடலின் பத்தொன்பதாம் பாட்டு. திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபத்திலும் கோள்கள் சூழ்ந்த வான் மண்டிலம் தீட்டப்பட்டுள்ளது. காமனும் இரதியும் உள்ளனர். பூனை வடிவெடுத்த இந்திரனும் கல்லான அகலிகையும் கௌதமனும் உள்ளனர். அங்கு வருவோர் இது யார் என்று வினவுகின்றனர், அறிந்தோர் விடை கூறுகின்றனர். கோயில் ஓவியம் சுட்டிக்காட்டவும் விளக்கவும் படுகிறது. அதன் பார்வை கூட்டுப் பார்வை. வான மண்டிலம் என்னும் ஏறத்தாழ ஒரே பொருள் குன்றத்தில் கல்வியாகவும் படுக்கையறையில் தனிமையாகவும் மாறுகிறது. மாற்றியது ஓவியனின் பாணியன்று, ஓவியம் இருந்த இடம்.

தெருவில் நிற்போர்

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதை வேறொரு சுவரைக் காட்டுகிறது. காலத்தாலும் சமயச் சூழலாலும் நெடுநல்வாடையிலிருந்து விலகி நிற்கும் நூல் அது. மணிமேகலையும் சுதமதியும் உவவனம் நோக்கிப் புகார் நகரத் தெருவில் செல்கின்றனர். உயர்ந்த நிலைகளையுடைய செங்கல் மனைகள்தோறும், வெண்சுதையில், தேவர் முதலாக எல்லா உயிர்களின் உருவங்களும் வல்லுநரால் தீட்டப்பட்டுள்ளன. அவற்றைக் கண்டு மக்கள் நிற்கின்றனர். மனைதொறும் என்பதால் இது அரண்மனைக்கு மட்டும் உரியதன்று. கண்டு நிற்போர் தெருவில் இருப்பதால், இவை வெளிப்புறம் நோக்கிய ஓவியங்கள் என்று கொள்ளுதல் பொருந்தும்.

பொம்பெயியிலும் இப்படி வெளிநோக்கிய சுவர்கள் உண்டு. வெரெக்குண்டசு என்பவரின் கம்பளிக் கடை முகப்பில், யானைகள் இழுக்கும் தேரில் வீனசு தெய்வம் நிற்கும் ஓவியம் தெருவைப் பார்த்தபடி உள்ளது. தேர்தல் வேண்டுகோள்களையும் அந்நகரத்தார் தெருச்சுவர்களிலேயே எழுதினர். கட்சிகள் தேர்தலுக்கு மாதங்கள் முன்பே சுவரைப் பிடித்து வைக்கும் ஊரில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காதையின் நுட்பம் அடுத்த நகர்வில் இருக்கிறது. ஓவியம் கண்டு நின்றோரும், பேடிக்கூத்துக் கண்டு நின்றோரும், பிற காட்சிகளில் மனம் வைத்தோரும் அவற்றைவிட்டு மணிமேகலையைச் சூழ்ந்துகொள்கின்றனர். இவளைத் துறவில் செலுத்திய தாய் கொடியவள் என்கின்றனர். சுவரைப் பார்த்த கண் அப்படியே பெண்ணின்மேல் திரும்புகிறது. காட்சிப் பொருள்களின் வரிசையில் அவளும் ஒன்றாகிறாள். சாத்தனார் ஓவியத்தைப் பாராட்டவே அதை இங்கு வைத்தார் என்று வாசித்தால் இந்தத் திருப்பம் தற்செயலாகிவிடும். தெருவின் பார்வை எத்தகையது என்று காட்டவே வைத்தார் என்பது என் துணிபு. அடுத்த காதையில், யாழோடு மாடத்தில் செயலற்றிருக்கும் எட்டிகுமரனை வட்டிகையால் வரைந்த பாவைபோல் இருந்தான் என்று அவர் உவமிப்பதும் இக்கருத்தோடு இயைகிறது.

உள்ளறையில் ஓவியத்தை நோக்குபவள் பெண். தெருவில் ஓவியம்போல் நோக்கப்படுபவள் பெண். இவ்விரண்டையும் ஒரே தலைப்பின்கீழ் அடுத்தடுத்த மேற்கோள்களாக வைப்பதில் இழப்பு எவ்வளவு என்பதை இதற்குமேல் வற்புறுத்த வேண்டியதில்லை. உட்புறம், வெளிப்புறம் என்னும் இப்பகுப்பு புலவர் கற்பனையில் மட்டும் இருந்ததன்று என்பதற்கு, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓவியம் தீட்டப்பெற்ற இராமநாதபுரம் இராமலிங்க விலாசம் பிற்காலச் சான்றாகலாம். அங்குப் போரும் அயல்நாட்டார் சந்திப்பும் பலர் கூடும் மண்டபத்தில் உள்ளன. சேதுபதியின் காதல் வாழ்க்கை மேல்தளத்தில் உள்ளது.

மயிலையின் சுவர்கள்

நெடுநல்வாடையை உள்ளிட்ட பத்துப்பாட்டை உ.வே. சாமிநாதையர் 1889இலும் மணிமேகலையை 1898இலும் பதிப்பித்தார். 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்து, பின் திருவல்லிக்கேணியில் தியாகராச விலாசம் என்று பெயர் சூட்டிய வீட்டில் வாழ்ந்தார். அவர் தேடித் தொகுத்த சுவடிகள் இன்று பெசன்ட் நகரில் அவர் பெயரால் அமைந்த நூலகத்தில் உள்ளன. அவ்வீடு 2012இல் இடிக்கப்பட்டது. ஏடு காக்கப்பட்டு வீடு இழக்கப்பட்ட இந்நிகழ்வில் தமிழ்ப் புலமையின் ஒரு பழக்கம் தெரிகிறது. சொல்லைச் சான்றாகக் கொள்ள நாம் பயின்றிருக்கிறோம். சுவரைச் சான்றாகக் கொள்ளப் பயிலவில்லை.

மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளை ஒட்டிய தெருக்களில் திண்ணையும் ஓட்டுக்கூரையும் கொண்ட பழைய வீடுகள் ஒன்றிரண்டாக எஞ்சியுள்ளன. அவற்றின் திண்ணைச் சுவரிலும் வாயிற்படியிலும் வெண்சுண்ணமும் காவிப்பட்டையும் மாறி மாறி வருவதைக் காணலாம். செம்மண் கரையிட்ட கோலம் அதே இரு நிறங்களைத் தரையில் தொடர்கிறது. இதைச் சங்ககாலத் தொடர்ச்சி என்று முழங்க நான் விரும்பவில்லை. வெண்மையும் செம்மையும் வீட்டின் எல்லையைக் குறிக்கும் நிறங்களாக இன்றும் புழங்குகின்றன என்று சொல்வதே போதும்.

உள்ளே சென்றால் வேறு வரிசை. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், பூசையறை என நீளும் வீட்டில், எவர் எதுவரை வரலாம் என்பதைச் சாதியும் பாலினமும் தீர்மானித்தன. திண்ணையோடு நிறுத்தப்பட்டவர் கூடத்துச் சுவரைக் கண்டதில்லை. கூடத்துச் சுவரில் முன்னோர் நிழற்படங்களும், இரவிவர்மாவின் அச்சகம் 1894 முதல் பரப்பிய தெய்வப் படங்களும், பின்னர்க் கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் அவர் மாணவர்களும் தீட்டிச் சிவகாசியில் அச்சான நாட்காட்டிகளும் சற்றே முன்சாய்ந்து தொங்கின. தஞ்சாவூர்ப் படம் பூசையறைக்குரியது. ஆண்ட தாய்வழிப் பாட்டியின் படம் எங்கே, தந்தைவழித் தாத்தாவின் படம் எங்கே என்று கேட்டாலே ஒரு குடும்பத்தின் அதிகார வரைபடம் கிடைத்துவிடும். நெடுநல்வாடைக்கு நாம் கேட்ட அதே வினா. தியாகராய நகரிலும் அடையாற்றிலும் தனிவீடுகள் அடுக்ககங்களாக மாறியபோது தொலைந்தது முகப்பு மட்டுமன்று, இவ்வரிசையும் தொலைந்தது. அடுக்ககத்தில் கதவைத் திறந்தால் நேரே கூடம். தெய்வப்படம் சமையலறை அலமாரிக்குப் போய்விட்டது.

இதே நகரத்தின் மற்றொரு முனையில் கண்ணகி நகர் உள்ளது. கூவம், அடையாறு கரைகள் உள்ளிட்ட உட்பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்காக ஒக்கியம் துரைப்பாக்கத்தில் அமைந்த மறுகுடியமர்வுக் குடியிருப்பு அது. 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் சென்னை மாநகராட்சியும் இணைந்து அதன் அடுக்குக் கட்டடங்களின் வெளிச்சுவர்களில் பேரோவியங்களைத் தீட்டச் செய்தன. ஓவியங்கள் பல நன்றாகவே உள்ளன. வழக்கமாக ஒதுங்கிச் சென்ற நகரம் அவற்றைக் காண அங்கு வந்தது. எனினும் மணிமேகலையை வாசித்தவர் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. மனைதொறும் தீட்டிய ஓவியத்தைக் கண்டு நிற்போரின் பார்வை, அம்மனையில் வாழ்வோர்மீது எவ்வாறு திரும்புகிறது? காப்பியத் தலைவியின் பெயர் தாங்கிய அக்குடியிருப்பின் வெளிச்சுவர் நகரத்தின் பார்வைக்காகத் தீட்டப்பட்டது. ஒற்றை அறையும் சிறு கூடமும் கொண்ட அவ்வீடுகளின் உட்சுவர்களில், பழைய குடியிருப்பிலிருந்து எடுத்துவர முடிந்த எந்தப் படத்தை எந்த ஆணியில் மாட்டியிருக்கிறார்கள், அதை மாலையில் அமர்ந்து நோக்குபவர் யார் என்பதைத் தமிழ்த்துறை மாணவர்கள் கள ஆய்வில் கேட்டறியலாம். நெடுநல்வாடையைப் பாடமாகப் படித்தவர்களுக்கு அதற்கான வினாநிரல் ஏற்கெனவே கையில் இருக்கிறது.